விலைப்பலகை இல்லாத கடை: ஏடிஎம் வைத்திருக்கும் வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மலேசியாவில் ஏடிஎம் நடத்தும் வங்கிகளின் நிர்வாகத்தினர்

ஐயா, அம்மையீர், வணக்கம்.

ஜார்ஜ் டவுனில், மஸ்ஜிட் கப்பித்தான் கிலிங் சாலையில், ஒரு நாணயமாற்றுக் கடையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முப்பத்தொரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். முதலாளி இல்லை, சம்பளக்காரன். நாணயம் மாற்றிக் கொடுத்து லாபம் பார்ப்பதைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. அந்த லாபத்தில் வந்த சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து ஆளானார்கள். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. எங்கள் விலை வாசலில் தொங்கியது. வெளிநாட்டு அட்டைக்கு உங்கள் ஏடிஎம் நாணயம் மாற்றிக் கணக்கிடும்போது, உங்கள் விலை எங்கே தொங்குகிறது?

நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவியின் அண்ணன் திருவையாற்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்; கணக்கு வாத்தியார். இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா விலக்கு கிடைத்து, சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் வந்துவிட்ட பிறகு, முப்பது ஆண்டுகளாக “வருகிறேன், வருகிறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் 2025 தைப்பூசத்துக்கு மனைவியுடன் ஒருவழியாக வந்து இறங்கினார். முன்யோசனைக்காரர். இந்தியாவில் 2020க்குப் பிறகு வழங்கும் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். வாடிக்கையாளர் கேட்டால்தான் திறப்பார்கள். அதை ஊரிலேயே வங்கிக்குப் போய்த் திறந்துகொண்டு, எந்தக் கட்டணம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினார்.

பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஓர் ஏடிஎம்முக்கு இருவரும் போனோம். நகரத்தாரின் கோவில் வீட்டிலிருந்து ரதம் புறப்படும்போது உடைக்கத் தேங்காய் வாங்க வேண்டும், தங்கைக்குப் புடவை எடுக்க வேண்டும், தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் பெரிய பட்டியலே இருந்தது. பிறர் ரகசிய எண்ணை அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது எங்கள் கடைப் பழக்கம். நான் வெளியே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசை.

ஆயிரம் வெள்ளியோடு வெளியே வந்தார். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் ஊரில் ரிங்கிட்டுக்கு இன்னும் வெள்ளி என்றே பெயர்.) தாள்களை எண்ணி முடிப்பதற்குள் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்துவிட்டது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் படித்துவிட்டு, “மாப்பிள்ளை, காலையில் வெள்ளி பத்தொன்பது எழுபது என்று சொன்னீர்களே? இங்கே இருபத்தோராயிரத்து இருநூறு எடுத்திருக்கிறானே?” என்றார்.

ஏடிஎம் கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஆயிரம் ரிங்கிட். ஒரு ரிங்கிட்டுக்கு 21 ரூபாய் 20 பைசா. மொத்தம் 21,200 ரூபாய். அதற்குக் கீழே, இந்த விலையை நானே தெரிந்து விரும்பி ஏற்றுக்கொண்டேன் என்று அட்டைக்காரர் சொல்வதாக ஒரு வாசகம். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வெப்பத்தாள், எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. முதலில் மங்கியது அந்த விலைதான். விருப்பத்துடன் ஏற்ற வாசகம் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அன்று சந்தையில் வெள்ளியின் விலை பத்தொன்பது ரூபாய் எழுபது பைசாவை ஒட்டி இருந்தது. அதற்கு மேல் ஒன்றரை ரூபாய். நூற்றுக்கு ஏழரை. எங்கள் கடையில் நான் அப்படி ஒரு விலை சொல்லியிருந்தால் வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார். முதலாளி சிரிக்காமல் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

“திரையில் என்ன கேட்டது, மச்சான்?”

“உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிடலாம், ஏற்கிறீர்களா என்று கேட்டது. ஏற்கிறேன், நிராகரிக்கிறேன் என்று இரண்டு பொத்தான். நிராகரித்தால் பணம் வராதோ என்று நினைத்துவிட்டேன். பின்னால் ஆட்கள் வேறு.”

மறுநாள் காலை மீண்டும் அதே ஏடிஎம்முக்குப் போனோம். இந்த முறை அவர் அனுமதியுடன் நானும் திரையைப் பார்த்தேன். ஐந்நூறு ரிங்கிட் கேட்டதும் ஒரு பக்கம் வந்தது. மேலே பெரிய எழுத்தில் ரூபாய்த் தொகை. அதன் கீழே, “உறுதியான விலை, பிறகு மாறாது” என்ற ஆறுதல். அதற்கும் கீழே, என் வயதுக்காரர் குனிந்துதான் படிக்க வேண்டிய எழுத்தில், மாற்று விலையில் கட்டணம் அடங்கியிருப்பதாக ஒரு வரி. வலப்பக்கம் பச்சை நிறத்தில் “ஏற்கிறேன்”. இடப்பக்கம் சிவப்பில் “நிராகரி”. நிராகரித்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கும் ஒரு சொல் இல்லை. மூலையில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன.

சிவப்பை அழுத்தச் சொன்னேன். அவர் விரல் ஒரு கணம் தயங்கியதைப் பார்த்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்கு விழுக்காடு கற்பித்த விரல். அழுத்தினார். ஏடிஎம் உள்ளே கடகடவென்று எண்ணியது; ஐந்நூறு ரிங்கிட் வந்து விழுந்தது. அவர் கணக்கில் 10,260 ரூபாய் கழிந்தது. அட்டை நிறுவனத்தின் மாற்று விலை, அவருடைய வங்கி அதன்மேல் வைக்கும் மூன்றரை விழுக்காடு, அந்தக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தும் வெள்ளிக்கு இருபது ரூபாய் ஐம்பத்திரண்டு பைசாதான் ஆனது. (பணம் எடுப்பதற்கென்று அவர் வங்கி வாங்கும் தனிக் கட்டணம் இரண்டு முறையும் ஒன்றே, அதை விட்டுவிடுகிறேன்.) அப்படியானால் முதல் நாள் ஆயிரம் வெள்ளிக்கு அவர் வீணாகக் கொடுத்தது 680 ரூபாய். எங்கள் கணக்கில் முப்பத்தைந்து வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காசுக்கு இரண்டு பேர் மீனும் கணவாயும் வைத்து நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டுத் தே தாரிக்கும் குடிக்கலாம்.

அவருக்கு வாய்த்த வங்கி நல்ல வங்கி என்றே சொல்ல வேண்டும். வெளிநாட்டில் ரூபாயிலேயே கணக்கு முடிந்த பிறகும் தங்கள் பங்குக்கு இன்னொரு கட்டணம் போடும் வங்கிகளும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி.

இனி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பச்சைப் பொத்தானை அழுத்தினால் விலை வைப்பவர் நீங்களும் உங்களோடு கூட்டு வைத்திருக்கும் நாணயமாற்று நிறுவனமும். கூடுதலாக வரும் பணம் உங்கள் இருவருக்கும் பங்காகிறது. சிவப்பை அழுத்தினால் கணக்கு ரிங்கிட்டிலேயே போகிறது; விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை நிறுவனம் தன் விலையில் மாற்றுகிறது; அட்டை கொடுத்த வங்கி தன் கட்டணத்தைச் சேர்க்கிறது. அந்த இரண்டு நிறுவனங்களும் தங்கள் அன்றாட விலையை இணையத்தில் வெளியிடுகின்றன. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் உங்கள் பெட்டியிலிருந்து வெளியே வருவது அதே ரிங்கிட் தாள்தான்.

எங்கள் தொழிலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. காலை ஒன்பதரைக்குக் கடை திறந்ததும் என் முதல் வேலை பலகையை மாற்றுவது. ஆரம்பத்தில் செருகு எண்கள். பிறகு மின்பலகை வந்தது. அமெரிக்க டாலர், சிங்கப்பூர் டாலர், தாய்லாந்து பாட், இந்தோனேசிய ரூபியா என்று போகும். இந்திய ரூபாய்க்கு மட்டும் நூறு ரூபாய்க்கு இத்தனை வெள்ளி என்று எழுதுவோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்: நாங்கள் வாங்கும் விலை, விற்கும் விலை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் எங்கள் சோறு. அதை நாங்களே எழுதி வாசலில் தொங்கவிட்டோம். பள்ளிவாசலுக்கு எதிர்வரிசையில் நடந்து வருகிறவர் நாலு பலகையைப் படித்துவிட்டு ஐந்தாவது கடைக்குள் நுழைவார். “நானா, அங்கே ஐந்து பதினெட்டு போட்டிருக்கிறான், நீங்கள் என்ன ஐந்து இருபது?” என்று கேட்பார். நானா என்பது எங்கள் முதலாளி; அவரும் பதினெட்டுக்கு இறங்குவார். பிறகு ரசீது. சுவரில் உரிமம். 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா எங்களைக் கண்காணிக்கிறது. அதற்கு முன்பு 1998ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. இதே ஊரில் பினாங்கு வீதியில் கிட்டங்கி என்னும் வட்டிக்கடைகளில் கைப்பெட்டிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்த நகரத்தார்களுக்குக்கூட ‘நடப்பு வட்டி’ என்று எல்லாருக்கும் தெரிந்த ஒரு விகிதம் இருந்தது.

எங்கள் லாபத்தோடு ஓர் அபாயமும் ஒட்டிக்கொண்டிருந்தது. 1998 செப்டம்பரில் ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டினார்கள். 2005 ஜூலையில் அவிழ்த்தார்கள். அந்த இரண்டு தேதிக்கும் முன்னாலும் பின்னாலும் முதலாளிக்குத் தூக்கம் கிடையாது. அதைவிட மோசம் 2016 நவம்பர் 8. அன்றிரவு நாங்கள் கடையடைத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடித்த நேரத்தில், இந்தியாவில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. பெட்டியில் கட்டுக்கட்டாகக் கிடந்தவை ஒரே இரவில் வெறும் காகிதமாகிவிட்டன. முதலாளி மறுநாள் காலை அவற்றை எடுத்து மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்ட இரவுகளுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சின்ன இடைவெளி.

உங்கள் ஏடிஎம்முக்குள் ஒரு ரூபாய்த் தாள்கூட வருவதில்லை. ஒரு பாட் வருவதில்லை. கணக்குத் தீர்வதற்குள் ஓரிரு நாளில் விலை கொஞ்சம் ஆடலாம். அதற்கு நூற்றுக்கு ஏழரையா?

உங்கள் தரப்பு நியாயத்தையும் நான் அறிவேன். சொந்த நாணயத்தில் எவ்வளவு போகிறது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஊருக்குப் போன பிறகு அதிர்ச்சி இல்லை என்பீர்கள். அது சிலருக்குப் பயன்படலாம். அலுவலகத்துக்குச் செலவுக்கணக்கு காட்ட வேண்டியவர் வேண்டுமென்றே அதைத் தேர்ந்தெடுக்கலாம். தெரிந்து தேர்ந்தெடுப்பவருடன் எனக்கு வழக்கில்லை. இந்தச் சேவையைத் தடை செய்யுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. என் மைத்துனர் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் புரிந்துகொண்டார். ஆனால் தான் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அவருக்குப் புரியவில்லை. என் புகார் அதைப் பற்றியது.

அவரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு என் கதையை மறைத்தால் அது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களுடன் வேனில் தாய்லாந்தின் ஹட்யாய் நகருக்குப் போயிருந்தேன். பினாங்குக்காரர்களுக்கு அது அடுத்த தெரு மாதிரி. கையில் கொண்டுபோன பாட் தீர்ந்துவிட்டது. ஐயாயிரம் பாட் எடுக்க ஓர் ஏடிஎம்முக்குள் போனேன். முதல் பக்கம்: வெளிநாட்டு அட்டைக்கு 220 பாட் கட்டணம், ஏற்கிறீர்களா? ஏற்றால்தான் பணம். அழுத்தினேன். அடுத்த பக்கம், அதே இடத்தில் அதே நிறத்தில்: ரிங்கிட்டில் இத்தனை, ஏற்கிறீர்களா? விரல் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. அழுத்திவிட்டேன். ஐம்பது வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாகப் போனது. தொழிலே நாணயமாற்று, சட்டைப் பையில் கால்குலேட்டர் வேறு. வேனில் வந்த யாரிடமும் இதைச் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

முதல் “ஏற்கிறேன்” இல்லாமல் பணம் வராது. இரண்டாவது “ஏற்கிறேன்” இல்லாமலே பணம் வரும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். எங்கள் நாட்டிலும் சில ஏடிஎம்களில் இதே வரிசையைப் பார்த்துவிட்டேன். தாய்லாந்து வங்கிகளுக்கு எழுத எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கு எழுத உண்டு. இங்கே வரும் விருந்தாளி என் வீட்டு விருந்தாளி.

விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் விதிகளிலேயே, வாடிக்கையாளரிடம் கேட்காமல் நாணயத்தை மாற்றக் கூடாது, விலையைக் காட்ட வேண்டும், ஒரு பக்கமாகத் தள்ளக் கூடாது என்று எழுதியிருக்கின்றன. நீங்களும் விதிப்படி கேட்கிறீர்கள், காட்டுகிறீர்கள். ஆனால் 21.20 என்ற எண்ணைத் தனியாகக் காட்டினால் அது எனக்கு என்ன சொல்லும்? எங்கள் பலகையில் இரண்டு எண் இருந்ததால்தான் அதற்கு அர்த்தம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதைப் புரிந்துகொண்டது. 2019இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2020 ஏப்ரல் 19 முதல், தங்கள் வட்டாரத்து அட்டையை வைத்து இப்படி நாணயம் மாற்றும்போது, ஐரோப்பிய மத்திய வங்கியின் விலையைவிட எத்தனை விழுக்காடு கூடுதல் என்பதைப் பணம் எடுக்கும் முன்பே காட்டியாக வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். ஒரே ஓர் எண். அதைப் படிக்கக் கணக்கு வாத்தியாராக இருக்க வேண்டியதில்லை.

நமக்கும் அப்படி ஓர் எண் கைவசம் இருக்கிறது. பேங்க் நெகாரா ஒவ்வொரு வேலை நாளும் நாணய விலைகளை வெளியிடுகிறது. இந்திய ரூபாயும் அதில் உண்டு. அந்த விலையை ஒரு வரியில் போட்டு, “எங்கள் விலை இதைவிட 7.6 விழுக்காடு கூடுதல்” என்று அடுத்த வரியில் போடுவது உங்கள் பொறியாளர்களுக்கு ஒரு நாள் வேலை. போட்டால் பச்சைப் பொத்தானை அழுத்துகிறவர்கள் குறைவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் கடிதம் ஏன் உங்களுக்கு மட்டும் போகாமல் திறந்த மடலாக வருகிறது என்பதற்குக் காரணம் அதுதான். படி ஒன்று பேங்க் நெகாராவுக்கும் போகிறது. எங்களை உரிமமும் பலகையும் ரசீதுமாக ஒழுங்குக்குள் வைத்த கைக்கு, உங்கள் திரையில் ஒரு வரி சேர்க்கச் சொல்வது பெரிய காரியம் ஆகாது.

பொத்தான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. “ஏற்கிறேன்”, “நிராகரி” என்ற இரண்டையும் தயவுசெய்து தூக்கிவிடுங்கள். “ரிங்கிட்டில் கணக்கிடு”, “ரூபாயில் கணக்கிடு” என்று எழுதுங்கள். ஒரே அளவு, ஒரே நிறம். அதற்கு மேலே, “எதைத் தேர்ந்தெடுத்தாலும் உங்களுக்குப் பணம் கிடைக்கும்” என்று ஒரு வாசகம். நொடிகளை எண்ணிக் காட்டும் வேலையும் அந்தப் பக்கத்தில் வேண்டாம். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நாள்தோறும் விமானம் வந்து இறங்கும் நாட்டில், இந்திய அட்டையைச் செருகினால் அந்த ஒரு பக்கத்தையாவது தமிழில் காட்டுங்கள் என்று கேட்பது பேராசை இல்லை என்றே நினைக்கிறேன். 2026 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு என்று விமான நிலையம் முழுக்கப் பதாகை வைத்து வரவேற்கிறோம். அந்தப் பதாகையைத் தாண்டி வந்தவர் முதலில் நிற்கும் இடம் உங்கள் ஏடிஎம்.

அதுவரை எனக்குத் தெரிந்த வழியில் வேலை நடக்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கெல்லாம் ஒரு சீட்டு எழுதி, அட்டை வைக்கும் உறைக்குள் மடித்துச் செருகிவிடுகிறேன். மைத்துனரின் மனைவிதான் அதற்கு வாசகம் சொன்னார்: “சிவப்பை அழுத்து. பணம் வரும்.” போன மாதம் மைத்துனரின் மகன் கோலாலம்பூர் வழியாக வந்தான். அவன் எடுத்த ஏடிஎம்மில் பொத்தான்களின் நிறம் மாறியிருந்ததாம். சிவப்பைத் தேடிக் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறான். இப்போது சீட்டை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பதில் எழுதுவதாக இருந்தால் தமிழிலோ மலாயிலோ எழுதலாம். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாணயமாற்றுக் கடை ஊழியர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.